பத்தரை அடிப் பலகையும் ஒன்பதடி அறையும்

அவளுக்குக் கடையில் ஒரு பெயர், குடியிருப்பில் ஒரு பெயர், அண்ணன் வீட்டில் ஒரு பெயர். மூக்குக் கண்ணாடிக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து, ஃபிரேமுக்குள் லென்ஸைப் பொருத்திக் கொடுக்கிற வேலை. இருபது வருடத்துக்கு மேல் அதே ஸ்டூல், அதே சின்ன ஸ்க்ரூடிரைவர். அதனால் கடையில் 'கண்ணாடி அக்கா'. குடியிருப்பில் 'முதல் மாடி மேடம்'. அண்ணன் வீட்டில், அவள் காதில் விழாத போது, 'பலகைக்காரி'. காதில் விழவில்லை என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான்.

கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்பது பெரிய கதை, அதைச் சொல்ல ஆரம்பித்தால் அண்ணனை இன்னும் நாலு வார்த்தை திட்ட வேண்டி வரும். இந்தக் கதையிலேயே அவரைத் திட்ட வேண்டிய இடங்கள் நிறைய இருப்பதால் அதை விட்டுவிடுவோம்.

பலகை என்றால் சாதாரணப் பலகை இல்லை. தண்ணீர் மேல் மிதக்கும், அதன் மேல் நின்றுகொண்டே நீளத் துடுப்பால் தள்ளிப் போகலாம். துடுப்புப் பலகை என்பாள் அவள். பத்தரை அடி நீளம். உள்ளே நுரை, வெளியே வழவழப்பான ஓடு. பார்க்கக் கல் மாதிரி, பழகினால் பச்சைப் பிள்ளை மாதிரி. ஒரு முனை சுவரில் லேசாக இடித்தால் போதும், விரிசல் விடும். விரிசல் வழியாகத் தண்ணீர் புகுந்தால் நுரை ஊறி, பலகை நாளுக்கு நாள் கனக்கும். வெயிலில் போட்டால் உள்ளே இருக்கிற காற்று சூடாகி விரிந்து, ஓடு நுரையை விட்டுப் பிரிந்துவிடும். அதற்காகவே மேற்பரப்பில் சின்னதாக ஒரு காற்றுத் திருகு வைத்திருக்கிறார்கள். வீட்டில் இருக்கும்போது அதைத் தளர்த்தி வைக்க வேண்டும். தண்ணீரில் இறக்கும் முன் இறுக்க வேண்டும். மாற்றிச் செய்தால் பலகை போச்சு.

ஒரு தடவை கடையில் எல்லோருமாக ஊருக்கு வெளியே, அவள் குடியிருப்புப் பக்கமாக இருக்கும் ஏரிக்கு உல்லாசமாகப் போனார்கள். அங்கே வாடகைக்கு விட்டார்கள். மற்றவர்கள் ஏறி, விழுந்து, சிரித்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்கள். இவள் மட்டும் ஏறினாள், விழுந்தாள், மறுபடி ஏறினாள். முழங்காலில் நின்று, ஒரு காலை வைத்து, இன்னொரு காலை வைத்து, கடைசியில் நிமிர்ந்தே விட்டாள். நிமிர்ந்ததும் கரை கீழே போனது மாதிரி இருந்தது. வாரம் முழுக்கக் கண்ணுக்கு ஒரு சாண் தூரத்தில் லென்ஸைப் பிடித்துப் பிடித்துப் பார்க்கிற கண்கள் அவை. அன்றைக்கு அவை எதையும் உற்றுப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. யாரும் கூப்பிடவில்லை. "அக்கா, அவசரம்" என்று யாரும் லென்ஸ் டப்பாவைத் தள்ளவில்லை. அடேயப்பா, இப்படியும் ஒரு இடம் இருக்கிறதா என்று அவள் வாய்விட்டே சொன்னாள்.

பிறகு ஒரு வாடிக்கையாளர் வெளியூருக்கு வீடு மாறினார். தன் பலகையை மலிவாகத் தருகிறேன், ஆனால் நீங்களேதான் தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்றார். யோசிக்காமல் சரி என்றுவிட்டாள். தூக்கிய பிறகுதான் யோசித்தாள்.

நடுவில் ஒரு கைப்பிடி பள்ளமாக இருக்கும். அதில் விரல்களைக் கொடுத்து, பலகையை இடுப்போரம் அணைத்துக்கொண்டு நடக்க வேண்டும். காற்று இல்லாத வரைக்கும் சுகம். காற்று அடித்தால் பலகை படகுப் பாயாகிவிடும், ஆள் அதன் பின்னால் சுற்றுவாள். லாரி ஒன்று பக்கத்தில் போனால் அரைவட்டம் அடித்து நிற்பாள். தலையில் துண்டைச் சுருட்டி வைத்துத் தூக்கிப் பார்த்தாள், கழுத்து இரண்டு நாள் திரும்பவில்லை. கடைசியில் வெல்டிங் பட்டறைக்காரரிடம் போய், பழைய குழந்தை வண்டிச் சக்கரம் இரண்டை வைத்து ஒரு தள்ளுவண்டி செய்துகொண்டாள். பலகையின் நடுவயிற்றுக்கு அடியில் அதைக் கட்டிவிட்டு, மூக்கைப் பிடித்து இழுத்தால் நாய்க்குட்டி மாதிரி கூடவே வரும்.

அதைப் பார்த்த அன்று அண்ணி சொன்ன வார்த்தை: "பரவாயில்லையே, கடைசியில ஒரு பிள்ளை வண்டி வாங்கிட்டியே!" நாக்கில் நரம்பில்லாமல் பேசுவது என்பார்களே, அது இதுதான். அண்ணன் சிரித்தார். அவளும் சிரித்து வைத்தாள். வீட்டுக்கு வந்து அழுதாள்.

மாடிப்படி திரும்புகிற இடத்தில் ஒரு பழைய மிதியடியை நிரந்தரமாகப் போட்டு வைத்தாள். அங்கே பலகையை வால் கீழாக நிமிர்த்தி, மெல்லச் சுழற்றி, மறுபடி சாய்த்து ஏற்றுவாள். கதவைத் திறந்து நேரே சின்ன அறைக்குள். அந்த அறை ஒன்பதடிக்கு எட்டடி. பத்தரை அடிப் பலகை எப்படி நுழையும்? மூலைக்கு மூலை, குறுக்காக. இரண்டு மர முக்காலிகளின் மேல் பழைய பஞ்சுப் போர்வையை மடித்துப் போட்டு, அதன் மேல் படுக்க வைத்தாள். அறை இரண்டு முக்கோணமாகப் பிரிந்தது. ஒரு முக்கோணத்தில் துடுப்பும் தள்ளுவண்டியும், இன்னொன்றில் இஸ்திரிப் பெட்டி. வேறு எதுவும் நுழையாது, நுழைய வேண்டும் என்று அவளும் நினைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏரி, மற்ற ஆறு நாளும் அந்த ஞாயிறு. அவள் வாழ்க்கையில் அவளாகக் கேட்டு வாங்கிய ஒரே பொருள் அது.

இப்போது அப்பாவுக்கு வருவோம். அவர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா போன பிறகு ஒரு வாடகைப் போர்ஷனில் தனியாக இருந்தார். "எனக்கு யாரும் வேண்டாம்" என்பார். ஆனால் அப்படிச் சொல்லும்போதெல்லாம் அண்ணன் வீட்டுத் திசையைப் பார்த்துச் சொல்வார். ஒருநாள் குளியலறையில் வழுக்கி விழுந்தார். எலும்பு முறியவில்லை. ஆனால் இனி தனியாக விடக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அண்ணன் கட்டட மேஸ்திரியாக ஆரம்பித்து, கான்ட்ராக்டராக வளர்ந்தவர். சொந்த வீடு, நாலு அறை, பக்கத்தில் கார் ஷெட். அப்பாவை எங்கே வைப்பது என்று பேசுவதற்கு அவர் எங்கே வந்தார் தெரியுமா? இவள் வீட்டுக்கு. வரும்போது சட்டைப் பையில் அளக்கிற டேப்பையும் போட்டுக்கொண்டு வந்தார்.

நேரே சின்ன அறைக்குப் போனார். டேப்பை இழுத்து அளந்தார். "ஆறடிக் கட்டில் தாராளமாப் போகும். ஜன்னல் வேற இருக்கு. பாத்ரூம் பக்கத்துலயே. அப்பாவுக்குன்னே கட்டின மாதிரி இருக்கு" என்றார்.

"அண்ணா, இங்க பலகை இருக்கு" என்றாள் அவள்.

"அதான் நானும் சொல்றேன். பலகைதானே இருக்கு?"

"உங்க வீட்டுல நாலு ரூம் இருக்கே?"

கூட வந்திருந்த அண்ணி முந்திக்கொண்டாள். "எங்க ரூம் ஒண்ணு. பையனுக்கு ஒண்ணு, பொண்ணுக்கு ஒண்ணு. படிக்கிற பசங்களை எழுப்பி வெளிய விட முடியுமா, நீயே சொல்லு? இன்னொண்ணு உங்கண்ணன் ஆபீஸ் ரூம்."

அந்த ஆபீஸ் ரூமை அவள் பார்த்திருக்கிறாள். ஒரு கம்ப்யூட்டர் இருக்கும், அதன் மேல் போர்த்திய துணியை யாரும் எடுத்து அவள் பார்த்ததில்லை. ஆனால் அதற்கு ஆபீஸ் ரூம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். பெயர் வைத்த அறையை யாரும் காலி அறை என்று சொல்ல முடியாது. இவள் அறைக்குப் பெயர் இல்லை. அதில் ஒரு பலகை இருந்தது, பலகையை எடுத்தால் காலி. அவளிடம்தான் தூக்கி எறியக்கூடிய பொருள் ஒன்று இருந்தது. எனவே அவளிடம்தான் இடம் இருந்தது. என்ன கணக்கு பாருங்கள்!

"வேற எங்கேயும் அதை வைக்க முடியாது அண்ணா. பால்கனியில வெயில். கீழ பார்க்கிங்ல எவனாவது இடிச்சுடுவான்" என்றாள்.

அண்ணன் முகத்தை வருத்தமாக்கிக்கொண்டார். அந்த முகம் அவருக்கு நன்றாக வரும். "ஏம்மா, நான் ஒண்ணு கேக்கறேன். பெத்த அப்பாவை விட உனக்கு அந்தப் பலகை பெரிசாப் போச்சா?"

இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்ல முடியும்? ஆமாம் என்றால் பாவி. இல்லை என்றால் அறை போச்சு. உங்கள் கம்ப்யூட்டர் பெரிசாப் போச்சா என்று திருப்பிக் கேட்டிருக்கலாம். அந்தப் பதில் அவளுக்கு ராத்திரி பாத்திரம் கழுவும்போதுதான் தோன்றியது.

"எங்க ஷெட்ல ஒரு ஓரமா வெச்சுக்கோ. நான் என்ன வேண்டாம்னா சொல்லப் போறேன்? நீ எப்ப வேணும்னாலும் வந்து எடுத்துக்கோ, கொண்டு வந்து வெச்சுக்கோ" என்றார் அண்ணன். ஷெட்டில் ஒரு பலகைக்கு இடம் இருந்தது, பாருங்கள். அதையும் அவர் பெரிய மனசோடுதான் சொன்னார். இப்படியாக அப்பாவை அவள் தலையில் கட்டிவிட்டு, டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

அண்ணன் வீடு ஊரின் இன்னொரு கோடியில். தள்ளுவண்டியில் இழுத்துப் போகிற தூரம் இல்லை. ஒரு சின்ன லாரி பேசினாள். டிரைவர் கயிற்றை எடுத்து, மூட்டையைக் கட்டுவது போலக் காலால் உதைத்து இறுக்கப் பார்த்தார். "ஐயோ, வேண்டாம்! இறுக்கினா விளிம்பு நசுங்கிடும்" என்று பதறி, அவளே வண்டியில் ஏறினாள். கீழே இரண்டு தலையணை, மேலே பழைய வெள்ளைப் போர்வை. கயிறு வேண்டாம் என்று பட்டையான வார் இரண்டு வாங்கி வந்திருந்தாள். கையால் இழுத்தால் நகராத அளவுக்கு, அதற்கு மேல் ஒரு இழுப்பு கூட இல்லாமல் கட்டினாள். வாரில் ஒரு முறுக்கு விட்டாள். முறுக்கு இல்லாவிட்டால் காற்றில் அது வழி நெடுக உறுமிக்கொண்டே வரும். கட்டி முடித்தும் மனசு கேட்கவில்லை. முன்னால் உட்காராமல் பின்னாலேயே, பலகைக்குப் பக்கத்தில், அதன் மேல் கையை வைத்தபடி உட்கார்ந்தாள்.

வெள்ளைப் போர்வை, நீளமான உருவம், பக்கத்தில் வாடின முகத்தோடு ஒரு பெண். சிக்னலில் நின்றபோது சைக்கிளில் வந்தவர் ஒருவர் இறங்கி, ஒதுங்கி, தலை குனிந்து நின்றார். டிரைவர் கண்ணாடி வழியாகப் பார்த்துச் சிரித்தார். "யாருன்னு கேட்டா என்னம்மா சொல்றது?"

"எனக்கு ரொம்ப வேண்டியவங்கன்னு சொல்லுங்க" என்றாள். டிரைவருக்கு அதற்கு மேல் சிரிப்பு வரவில்லை.

ஷெட்டில் நல்ல நிழலான ஓரமாகப் பார்த்து, முக்காலிகளைப் போட்டு, படுக்க வைத்தாள். அண்ணனுக்கும் அண்ணிக்கும் நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். வெயில் படக்கூடாது. மேலே எதையும் வைக்கக்கூடாது. இந்தத் திருகு தளர்வாகவே இருக்கட்டும், யாரும் தொட வேண்டாம். "சரி, சரி, இதென்ன பிறந்த குழந்தையா?" என்றாள் அண்ணி.

அப்பா வந்தார். கட்டில் போட்டாயிற்று, ஜன்னலுக்குத் திரை போட்டாயிற்று, குளியலறைச் சுவரில் பிடித்து நடக்க ஒரு கம்பியும் வைத்தாயிற்று. வந்த முதல் வாரமே அவர் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிவிட்டார்: இது தற்காலிகம். "அவன் வீட்டுல இடம் இல்ல, பாவம். பசங்க படிக்கிறாங்க. இடம் இருந்தா அப்பாவைக் கூப்பிட மாட்டானா?" சாப்பிடும்போது சொல்வார், மாத்திரை போடும்போது சொல்வார், பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தால் அவரைப் பிடித்து வைத்துச் சொல்வார். உப்பு குறைந்தால் திட்டுவார். அவள் கடையிலிருந்து வர அரைமணி தாமதமானால், அந்தக் காலத்தில் கடைசி பஸ்ஸைத் தவறவிட்ட பயணியிடம் பேசியது போல எரிந்து விழுவார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் காலையிலேயே சவரம் செய்துகொண்டு, வெளுத்த சட்டை போட்டு, ஜன்னலோரம் உட்காருவார். மகன் வருவான் என்று. அண்ணன் மாசத்துக்கு ஒரு தடவை வந்தால் அதிகம். வந்தாலும் செருப்பைக் கழற்றாமல் வாசலில் நின்றே பேசிவிட்டுப் போவார். அதற்கே அப்பா அன்று முழுக்க யாரையும் திட்ட மாட்டார்.

அவளுக்கு அதைப் பார்க்கக் கோபம் கோபமாக வரும். பார்த்துப் பார்த்துச் செய்கிறவள் இங்கே இருக்கிறாள், அவர் கண் தெருமுனையில் இருக்கிறது. சரி, பெற்றவர், எப்படியாவது இருக்கட்டும் என்று விடுவாள். ஏரிக்குப் போய் எத்தனையோ ஞாயிறு ஆகிவிட்டது. அண்ணனுக்குப் போன் பண்ணி, இந்த வாரம் பலகையை எடுக்க வரட்டுமா என்றால், "இப்ப வேண்டாம்மா, வீட்டுல கொஞ்சம் வேலை நடக்குது" என்பார். அடுத்த வாரம்? "பாக்கலாம்." அதற்கடுத்த வாரம் போனையே எடுக்கவில்லை. என்ன வேலை என்று கேட்டதற்குப் பிடி கொடுக்கவே இல்லை. அவள் போனில் சத்தமாகத் திருப்பிச் சொன்ன அந்த 'வேலை நடக்குது' மட்டும் அப்பா காதில் விழுந்துவிட்டது. அன்றிலிருந்து அவர் முகத்தில் ஒரு தினுசான களை.

ஒரு ஞாயிறு, சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றாள்.

ஷெட்டைக் காணோம். இருந்த இடத்தில் ஒரு அறை நின்றது. முன்பக்கம் சுவர் எழுப்பி, கதவு வைத்து, ஜன்னல் வைத்து, பக்கவாட்டில் சின்னதாக ஒரு குளியலறையும் சேர்த்து, தரைக்கு வழுக்காத சொரசொரப்பு டைல்ஸ் போட்டு, அம்சமாகக் கட்டியிருந்தார்கள். உள்ளே பெயின்டர் ஒருவர் மேல்கூரைக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தார். அவர் எதன் மேல் நின்றுகொண்டிருந்தார் என்பதை அவள் கொஞ்சம் கழித்துத்தான் பார்த்தாள். இரண்டு தகர டிரம். நடுவில் அவள் பலகை.

"வாங்கம்மா" என்றார் பெயின்டர். "நல்ல பலகைம்மா இது. கொஞ்சம் வளைஞ்சு கொடுக்குது, ஆனா கால் வழுக்கல."

மேற்பரப்பு முழுக்கச் சுண்ணாம்பும் பெயின்ட்டும். நடுவில் ஓடு நுரையை விட்டுப் பிரிந்து, ஊதி, பெயின்டர் நகரும்போதெல்லாம் படபடவென்று அடித்தது. அவள் குனிந்து காற்றுத் திருகைத் தொட்டுப் பார்த்தாள். நன்றாக, அழுத்தமாக, ஸ்பேனர் போட்டு இறுக்கியிருந்தது.

அண்ணி வந்தாள். "நான்தான் இறுக்கி வைக்கச் சொன்னேன். எறும்பு உள்ள போயிட்டிருந்துச்சு. உன் பொருளாச்சே, பாழாகக்கூடாதேன்னு. வேலை நடக்கும்போது மொட்டை மாடியில போட்டிருந்தோம், அங்கதான் கொஞ்சம் வெயில் பட்டுடுச்சு போல." அவள் நிஜமாகவே உபகாரம் செய்ததாகத்தான் நினைத்தாள். அதுதான் கொடுமை. கெட்ட எண்ணத்தோடு செய்திருந்தால் சண்டையாவது போடலாம்.

பின்னாலேயே அண்ணனும் வந்தார். அவளைப் பார்த்ததும் ஒரு நிமிஷம் தடுமாறினார்.

"இந்த ரூம் யாருக்கு அண்ணா?"

"யாருக்குன்னு இல்ல. யாராவது வந்தா போனா தங்க ஒரு இடம் வேணாமா? உங்கண்ணி தங்கச்சி குடும்பம் லீவுக்கு வரும். சும்மா கிடந்த ஷெட்டுதானே."

"அப்பாவுக்கு..."

"அப்பாதான் உன்கிட்ட நல்லா செட்டில் ஆயிட்டாரே!" அண்ணன் பூசி மெழுகினார். "வயசானவரை இங்கேயும் அங்கேயும் இழுத்தடிக்கக்கூடாதும்மா. அவர் மனசு என்ன பாடுபடும், சொல்லு? நீ இந்த ரூமைப் பத்தி அவர்கிட்ட ஒண்ணும் சொல்ல வேண்டாம்."

அவள் நெஞ்சு கொதித்தது. பலகை போனதற்காக இல்லை, அதை அப்புறம் அழுதுகொள்ளலாம். அந்தச் சொரசொரப்பு டைல்ஸைப் பார்த்துத்தான் கொதித்தது. வயசானவர் வழுக்காமல் நடக்க வேண்டும் என்று பார்த்துப் பார்த்துப் போட்டது போல இருந்தது, போட்டவருக்கு அந்த நினைப்பே இல்லை.

"பலகையை எடுக்கணுமாம்மா?" பெயின்டர் மேலேயிருந்து கேட்டார். "இன்னும் ஒரு கோட்டிங் பாக்கி."

"அடிச்சு முடிங்க" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

பஸ்ஸில் வரும்போது முடிவு செய்துவிட்டாள். மறைக்கப் போவதில்லை. போனதும் அப்பா முன்னால் நின்று, உங்கள் மகன் ரூம் கட்டியிருக்கிறார், ஃபேன் கொக்கி வைத்து, பாத்ரூம் வைத்துக் கட்டியிருக்கிறார், உங்களுக்கு இல்லை என்று சொல்லிவிடுவது. ஒரு வார்த்தை போதும். ஞாயிற்றுக்கிழமைச் சவரம், வெளுத்த சட்டை, ஜன்னல், எல்லாம் அன்றோடு முடிந்துவிடும். அப்புறமாவது இந்த வீட்டில் யார் சமைத்துப் போடுகிறார்கள் என்று கண் தெரியட்டும். சொல்ல வேண்டிய வாக்கியத்தைக்கூட மனசுக்குள் ஒத்திகை பார்த்துவிட்டாள்.

கதவைத் திறந்ததும் அப்பா கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். "போனியா? அங்க என்ன வேலை நடக்குது?"

அவள் வாயைத் திறப்பதற்குள் அவரே குரலைத் தாழ்த்திச் சொன்னார். "எனக்குத் தெரியும். ஷெட்டை ரூமாக்கறான், எனக்காகத்தான். சொல்லாம செஞ்சு, திடீர்னு வந்து கூட்டிட்டுப் போகணும்னு இருப்பான். அவன் சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான்." கண் மின்னியது. கட்டிலுக்கு அடியில் அவருடைய பெட்டி தூசி தட்டி, துணி மடித்து, தயாராக இருந்தது.

அவள் அந்தப் பெட்டியைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"இல்லப்பா" என்றாள். "ஷெட்டு அப்படியேதான் இருக்கு. அண்ணனுக்கு ஏதாவது பண்ணணும்னு ஆசைதான். என் பலகை அங்க கிடக்கே. அதை வெச்சுக்கிட்டு அவரால ஒண்ணும் பண்ண முடியல. வேலைன்னு சொன்னது வேற, மாடியில ஏதோ ஒழுகுச்சாம்."

அப்பா முகத்திலிருந்த களை இறங்கி, அந்த இடத்தில் பழைய கோபம் ஏறியது.

"நினைச்சேன். அந்தச் சனியனை அங்க கொண்டு போய்ப் போட்டு, எனக்கு இருந்த ஒரு இடத்தையும் அடைச்சுட்ட. உன் விளையாட்டு உனக்குப் பெரிசு."

"ஆமாப்பா" என்றாள். சமையலறைக்குப் போய் அவருக்குச் சாப்பாடு எடுத்து வைத்தாள்.

அவர் சாப்பிடவில்லை. முதலில் போனை எடுத்தார். காது மந்தம் என்பதால் எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். தட்டோடு அறை வாசலில் நின்றவளுக்கு இரண்டு பக்கமும் கேட்டது.

"உன் மேல தப்பே இல்லடா" என்றார் அப்பா. "நீ எனக்கு ரூம் கட்டணும்னுதான் இருந்தே, எனக்குத் தெரியும். அவ பலகைதானே இடத்தை அடைச்சுக்கிட்டு கிடக்கு? அவளே ஒத்துக்கிட்டா."

அந்தப் பக்கத்திலிருந்து அண்ணன் குரல் தெளிவாக, வருத்தமாக வந்தது.

"ஆமாப்பா. நானும் எத்தனை தடவைதான் சொல்றது? எடுத்துட்டுப் போக மாட்டேங்கறா."